வளாகம் எப்படி? ஒரு யூதப் பெண்ணின் கல்லூரித் தேர்வும் என் தவறும்



சேர்க்கைக் காலம் வந்தால் என் கைப்பேசிக்கு வருகிற கேள்வி ஒன்றுதான். "அக்கா, சீட்டு கிடைச்சிருக்கு. அந்த கேம்பஸ் எப்படி? நம்ம பிள்ளைங்க யாராவது இருக்காங்களா?" கட்டணத்தையும் பாடத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுவார்கள். மரியாதை குலையாமல் படித்துவிட்டு வெளியே வர முடியுமா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டிய நிலை நமக்கு மட்டும்தான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு 2024 ஏப்ரலில், அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வெளியே ஒரு வீட்டுச் சமையலறையில் உடைந்தது. அது உடைவதற்குச் சற்று முன்பு நான் பேசிய ஒரு பேச்சு இன்றும் என்னைச் சுடுகிறது. மறைக்காமல் எழுதுகிறேன். உங்களில் சிலரும் அதையே பேசியிருப்பீர்கள்.

அந்த வீடு என் தோழியுடையது. யூதப் பெண், வழக்கறிஞர். பல்கலைக்கழகங்களின் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று நம்மவர்கள் அங்கே போராடியபோது, சட்ட வாசகங்களைத் திருத்திக் கொடுக்கக் கண் விழித்தவர். அவருடைய மகளுக்கு அப்போது பதினெட்டு வயது. மூன்று இடங்களில் சீட்டு கிடைத்திருந்தது. ஒன்று நியூயார்க்கில் பேர் பெற்ற தனியார் பல்கலைக்கழகம். இன்னொன்று அவர்கள் மாநிலத்திலேயே உள்ள அரசுப் பல்கலைக்கழகம். மூன்றாவது, பக்கத்து ஊரான வால்தமில் உள்ள பிராண்டைஸ் பல்கலைக்கழகம். அமெரிக்காவில் வழக்கமாக மே 1ஆம் தேதிக்குள் ஒன்றைத் தேர்ந்து முன்பணம் கட்டிவிட வேண்டும்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் அவள் ஒரு அட்டவணை ஒட்டி வைத்திருந்தாள். கட்டணம், உதவித்தொகை, பாடம், வீட்டிலிருந்து தூரம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் தலைப்பு நீளம்: "யூதராக அங்கே இருப்பது எப்படி?" அதற்குள் பென்சிலில் பொடி எழுத்துகள். யூத மாணவர் மையமான ஹில்லல் இருக்கிறதா, கோஷர் உணவு கிடைக்குமா, வெள்ளிக்கிழமை மாலை சபாத் விருந்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், அக்டோபருக்குப் பிறகு என்ன நடந்தது.

ஏப்ரல் 18 அன்று கொலம்பியா பல்கலைக்கழகப் புல்வெளியில் காசாவுக்காகக் கூடாரம் அடித்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களைக் காவல்துறை கைது செய்தது. அன்றிரவு நாங்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனம் முழுக்க அந்தக் கூடாரங்களோடு இருந்தது. அவள் எழுந்துபோய் நியூயார்க் வரிசையில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு வந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "குண்டு விழுவது காசாவில். வெள்ளைத் தோலும் வசதியும் உள்ள உனக்கு இங்கே என்னம்மா பயம்? இந்தப் பயமே பெரிதுபடுத்தப்பட்டது" என்றேன்.

அவள் குரல் உயரவில்லை. "நீங்கள் உங்கள் கல்லூரியில் நடந்ததைச் சொன்னபோது நான் ஆதாரம் கேட்டேனா?" என்றாள். பிறகு தன் அறைக்குப் போய்விட்டாள்.

என் கல்லூரிக் கதையை இரண்டு நாட்களுக்கு முன்புதான் அவளிடம் சொல்லியிருந்தேன். விடுதியில் நான் தொட்ட தண்ணீர்ப் பானையை எனக்குத் தெரியாமல் கழுவி வைத்ததையும், புகார் செய்தபோது "நீயாக நினைத்துக்கொள்கிறாய்" என்று காப்பாளர் சொன்னதையும் அவள் கண் கலங்கக் கேட்டிருந்தாள். அந்தக் காப்பாளரின் வாக்கியத்தை நான் அப்படியே அவளிடம் திருப்பிச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலையில் தோழி என்னோடு பேசினார். கோபமில்லை, களைப்புதான். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரின் யூதத் தொழுகைக்கூடத்தில் துப்பாக்கியோடு நுழைந்த ஒருவன் 11 பேரைக் கொன்றான். அப்போது மகளுக்கு 12 வயது. அதற்குப் பிறகு இவர்கள் போகிற தொழுகைக்கூடத்தின் வாசலில் ஆயுதம் தாங்கிய காவலர் நிற்கிறார். அமெரிக்க மக்கள்தொகையில் யூதர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்கூட இல்லை. ஆனால் அந்த நாட்டின் புலனாய்வுத் துறை பதிவு செய்கிற மத அடிப்படையிலான வெறுப்புக் குற்றங்களில் பாதிக்கு மேல் அவர்களுக்கு எதிரானவை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த மாதமே, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கோஷர் உணவுக்கூடம் இருக்கும் கட்டடத்தில் சுடப்போவதாக ஒரு மாணவர் இணையத்தில் எழுதினார். அவர் கைதாகி, பின்னர் 21 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். "என் மகள் போய்ச் சாப்பிட வேண்டியது அப்படி ஓர் உணவுக்கூடத்தில்தான்" என்றார் தோழி.

அவர் தன் தாத்தாவின் கதையையும் சொன்னார். மதிப்பெண் இருந்தும் ஹார்வர்டில் இடம் கிடைக்காமல் போனவர் அவர். அந்த வரலாற்றை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1922இல் ஹார்வர்டின் தலைவராக இருந்தவர் ஏ. லாரன்ஸ் லோவெல். புதிய மாணவர்களில் யூதர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டார்கள் என்று அவருக்குக் கவலை. 15 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைக்கப் பார்த்தார். ஆசிரியர்கள் வெளிப்படையான வரம்பை ஏற்கவில்லை. அதனால் வழி மாறியது. விண்ணப்பத்தில் இனம் கேட்டார்கள், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் கேட்டார்கள், தந்தை பிறந்த ஊர் கேட்டார்கள், பிறந்த பிறகு உன் பெயரோ உன் தந்தையின் பெயரோ மாற்றப்பட்டதா என்று கேட்டார்கள். பின்னர் புகைப்படமும் "குணநல" மதிப்பீடும் சேர்ந்தன. மதிப்பெண்ணில் பிடிக்க முடியாதவரைப் பெயரிலும் முகத்திலும் பிடித்தார்கள். முதல் வகுப்பிலேயே "உனக்கு எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இந்த விண்ணப்பப் படிவத்தை விளக்க வேண்டியதில்லை.

ஹார்வர்டு மட்டுமல்ல. கொலம்பியா புரூக்ளினில் செத் லோ என்ற இளநிலைக் கல்லூரியைத் தனியாக நடத்தியது. அங்கே அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். எழுத்தாளர் ஐசக் அசிமோவ் அவர்களில் ஒருவர். எமோரி பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பள்ளியில் 1948 முதல் 1961 வரை யூத மாணவர்களைத் திட்டமிட்டுத் தோல்வியடையச் செய்தார்கள். பல்கலைக்கழகம் அதற்கு மன்னிப்புக் கேட்டது 2012இல். 1950களில் யூத மாணவர் சேர்க்கையை மட்டுப்படுத்தியதற்காக ஸ்டான்ஃபோர்டு மன்னிப்புக் கேட்டது 2022இல். சேர்க்கவே மறுப்பது ஒரு வகை, சேர்த்துக்கொண்டு துரத்துவது இன்னொரு வகை. நாம் இரண்டையும் அறிந்தவர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் இந்தப் பழைய "யூதர் கோட்டா"வைக் காட்டி, எல்லா ஒதுக்கீடும் இப்படித்தான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நம் ஊரிலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். லோவெல் கேட்டது, தகுதி பெற்று வாசலுக்கு வந்தவர்களை வெளியே நிறுத்துவதற்கான உச்சவரம்பு. இடஒதுக்கீடு, தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குக் குறைந்தபட்ச உறுதி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவரிடம் இதைக் கேளுங்கள்: அந்த எண் யாருடைய கையில் இருந்தது, யாரைக் குறிவைத்தது?

அண்ணல் அம்பேத்கர் 1913இல் போய்ச் சேர்ந்ததும் அதே கொலம்பியாவில்தான். அங்கே அவருக்கு வழிகாட்டிய பேராசிரியர் எட்வின் செலிக்மன், யூதர். அண்ணலின் மாகாண நிதி பற்றிய ஆய்வு நூலுக்கு முன்னுரை எழுதியவர். செலிக்மனின் தந்தை ஜோசப் பெரிய வங்கியாளர். அவ்வளவு பணம் இருந்தும், 1877இல் சரடோகா என்ற ஊரின் பெரிய ஓட்டலில், யூதர் என்பதற்காக அவருக்கு அறை மறுக்கப்பட்டது. செலிக்மனின் மாணவர் படித்து முடித்து பரோடாவுக்குத் திரும்பியபோது, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். இந்த இரண்டு கதைகளையும் நான் முன்பே படித்திருந்தேன். அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

அன்று பிற்பகல் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, அப்படியானால் என்னோடு பிராண்டைஸுக்கு வாருங்கள்" என்றாள். அதுதான் அவள் கொடுத்த தண்டனை.

பிராண்டைஸ் 1948இல், 107 மாணவர்களோடு தொடங்கியது. மற்ற கல்லூரிகள் யூதர்களுக்குக் கதவடைத்த காலத்தில், யூத சமூகத்தின் பணத்தில், எல்லா மதத்தவருக்கும் என்று எழுந்த பல்கலைக்கழகம். உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதியான லூயிஸ் பிராண்டைஸின் பெயரைத் தாங்கியது. வளாகத்தில் ஒரு குளத்தைச் சுற்றி மூன்று வழிபாட்டுக் கூடங்கள் நிற்கின்றன. யூதருக்கு ஒன்று, கத்தோலிக்கருக்கு ஒன்று, புராட்டஸ்டண்டுகளுக்கு ஒன்று. 1955இல் கட்டியவர்கள் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மீது விழாதபடி அமைத்தார்களாம். அவள் அதை ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு நடந்தாள். நான் சிறிது நேரம் அங்கேயே நின்றேன். நிழல் பட்டால் தீட்டு என்று சொன்ன ஊரிலிருந்து வந்தவள் நான். இவர்கள் நிழலைப் பற்றி யோசித்தது எவருடைய வெளிச்சத்தையும் மறைக்கக் கூடாது என்பதற்காக.

உணவுக்கூடத்தில் எனக்கு ஓர் அதிர்ச்சி. கோஷர் சமையலுக்குத் தனிப் பகுதி, தனிப் பாத்திரம். சைவ மாணவருக்குத் தனி வாசல், தனிக் கை கழுவுமிடம் என்று சென்னையின் உயர்கல்வி நிறுவனம் ஒன்றின் மெஸ்ஸில் 2018இல் ஒட்டிய அறிவிப்பு என் நினைவுக்கு வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே விளக்கினாள். இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது என்பது உணவைப் பற்றிய விதி. யார் வேண்டுமானாலும் இந்தப் பக்கம் வந்து, இதே தட்டில் வாங்கி, இதே மேசையில் உட்காரலாம். உட்கார்ந்தோம். என் பக்கத்தில் ஹிஜாப் அணிந்த ஒரு மாணவி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சடங்கு ஒன்றானாலும், அது ஆளை விலக்குகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

2019 டிசம்பரில், சாதிப் பாகுபாட்டைத் தன் விதிகளில் தடை செய்த முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகமும் பிராண்டைஸ்தான். அதனால் அவள் அங்கேதான் சேர வேண்டும் என்று நான் வாதாடத் தயாரானேன். யூத எதிர்ப்பு அவதூறு எதிர்ப்புக் கழகம் அந்த ஏப்ரலில் 85 கல்லூரிகளுக்கு மதிப்பீட்டு அட்டை வெளியிட்டிருந்தது. அதில் "ஏ" வாங்கியவை இரண்டே இரண்டு. ஒன்று பிராண்டைஸ். இதைவிட என்ன வேண்டும் என்றேன்.

அவள் அந்த அட்டையை அவ்வளவு எளிதாக நம்பவில்லை. 2023 நவம்பரில் பாலஸ்தீன ஆதரவு மாணவர் அமைப்பின் அங்கீகாரத்தை பிராண்டைஸ் ரத்து செய்தது. அதை எதிர்த்துக் கூடியவர்களில் சிலர் கைதானார்கள். கொலம்பியா அதே மாதத்தில் அத்தகைய அமைப்போடு சேர்த்து, போரை எதிர்த்த ஒரு யூத அமைப்பையும் இடைநீக்கம் செய்தது. "என் பாதுகாப்புக்காக என்று சொல்லி இன்னொருவரின் வாயை அடைத்தால், அந்த மதிப்பெண்ணில் எனக்கு எவ்வளவு பங்கு?" என்று கேட்டாள். அவளுடைய உறவினர்கள் ஹைஃபாவில் இருக்கிறார்கள். காசாவில் குழந்தைகள் சாவதை எதிர்த்துத் தன் பள்ளியில் கையெழுத்து வாங்கியவளும் அவளே.

அவளுடைய பயத்தின் வடிவம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வளாகத்தைப் பார்க்கப் போனபோது, கழுத்தில் இருந்த தாவீதின் நட்சத்திரத்தைப் பார்த்த ஒரு மாணவன் பெயரைக்கூடக் கேட்காமல் "நீ சியோனிஸ்டா?" என்று கேட்டிருக்கிறான். இன்னொரு வளாகத்தில், யூத மாணவர்களின் விருந்தொன்றில் காசாவைப் பற்றி அவள் வாய் திறந்ததும், ஒரு பெரியவர் "நீ யார் பக்கம்?" என்றிருக்கிறார். உள்ளே நுழைய இரண்டு இடத்திலும் அவள் தேர்வு எழுத வேண்டியிருந்தது. இஸ்ரேல் அரசை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது. ஆனால் எங்கோ ஓர் அரசு செய்ததற்கு, கழுத்துச் சங்கிலியைப் பார்த்து ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணைக் கணக்குக் கேட்பது யூத வெறுப்புதான். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துச் சொல்ல நம் கூட்டங்களில் தயங்குகிறோம். தயங்கக் கூடாது.

அந்த வாரமே ஏப்ரல் 22 மாலை பாஸ்கா தொடங்கியது. அடிமைத்தளையிலிருந்து வெளியேறியதை நினைக்கும் இரவு. கொலம்பியாவில், பயமாக இருக்கிறது என்று வீடு திரும்பிய யூத மாணவர்கள் உண்டு. அதே கொலம்பியாவில் கூடாரங்களுக்கு நடுவே உட்கார்ந்து பாஸ்கா விருந்தை நடத்திய யூத மாணவர்களும் உண்டு. "யூத மாணவர்களுக்கு அந்த வளாகம் எப்படி?" என்று ஒரே எழுத்தில் மதிப்பெண் போட வேண்டுமானால், இவர்களில் யாரைக் கேட்டுப் போடுவது?

அட்டவணையின் கடைசிக் கட்டத்தை அவளும் நானும் அன்றிரவு திருத்தி எழுதினோம். அவள் எழுதிய கேள்விகளை உங்களுக்கும் தருகிறேன். யூத மாணவருக்காக எழுதியவை, ஆனால் நம் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும்.

முதல் கேள்வி: கடைசியாக ஒரு கெட்ட சம்பவம் நடந்தபோது நிர்வாகம் என்ன செய்தது? சம்பவமே நடக்காத வளாகம் இல்லை. புகார் யாரிடம் போனது, எத்தனை நாளில் பதில் வந்தது, எழுத்தில் வந்ததா என்று கேட்க வேண்டும். 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, அரசு நிதி பெறும் கல்லூரிகளில் இனம், நிறம், தேசிய மூலம் பார்த்துப் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது. மதம் அந்தப் பட்டியலில் இல்லை. பொதுவான மூதாதையர் வழி என்ற அடிப்படையில்தான் யூத மாணவர்கள் அதன்கீழ் புகார் செய்கிறார்கள். சாதிக்காகத் தோழி எழுதிய வாதங்களும் இந்த மூதாதையர் வழி என்ற சொல்லைப் பிடித்தே நின்றன. ஆகவே, அந்தப் புகாரை வாங்குகிற அலுவலரின் பெயர் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது: யோம் கிப்பூர் அன்று தேர்வு வைத்தால் மாற்றுத் தேதி உண்டா? அது எழுதப்பட்ட விதியா, அந்தப் பேராசிரியரின் கருணையா? கருணையை நம்பிப் படிப்பது எவ்வளவு கேவலமான உணர்வு என்று நமக்குத் தெரியும்.

மூன்றாவது: வழிகாட்டிச் சுற்றிக்காட்டும் மாணவரிடம் கேட்காதே. அவர் சம்பளத்துக்குச் சிரிக்கிறவர். மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரைத் தனியாகச் சந்தி. ஒருவர் ஒவ்வொரு வெள்ளியும் ஹில்லலுக்குப் போகிறவராகவும், மற்றவர் போவதை நிறுத்திவிட்டவராகவும் இருக்கட்டும். மாணவர் பத்திரிகையின் பழைய இதழ்களைப் படி.

நான்காவது: உன் சொந்த சமூகத்தோடு கருத்து மாறுபட்டாலும் அந்த விருந்து மேசையில் உனக்கு நாற்காலி உண்டா? பாலஸ்தீன மாணவி அங்கே பயமில்லாமல் நடக்கிறாளா?

முதல் கேள்வியை மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பினாள். ஓரிடத்திலிருந்து "எங்கள் விழுமியங்கள்" என்று வழவழப்பான வாசகம் வந்தது. பிராண்டைஸில் தொலைபேசியிலேயே பொறுமையாகப் பேசினார்கள். அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அலுவலர் பத்து வரியில் பதில் எழுதியிருந்தார். ஒரு விடுதிக் கதவில் ஸ்வஸ்திகா கிறுக்கப்பட்ட தேதி, புகார் வந்த நேரம், அந்த மாணவியை அவர்கள் சந்தித்த நேரம் எல்லாம் இருந்தன. கடைசி வரியில், கிறுக்கியவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதில் நாங்கள் தோற்றோம் என்று இருந்தது.

அவள் அங்கே சேர்ந்தாள். கட்டணமும் ஒரு காரணம்; தனியார் பல்கலைக்கழகங்களில் தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. ஆனால் தோற்றோம் என்று எழுதத் தெரிந்த ஓர் ஆள் அங்கே இருக்கிறார் என்பதையே அவள் பெரிதாக எடுத்துக்கொண்டாள்.

2025 மார்ச்சில் டிரம்ப் அரசு, யூத மாணவர்களைக் காக்கவில்லை என்று சொல்லி கொலம்பியாவுக்கான 40 கோடி டாலர் நிதியை ரத்து செய்தது. அதே மாதம், கூடாரப் போராட்டத்தில் முன்னின்ற பாலஸ்தீனர் மஹ்மூத் கலீலைக் கைது செய்து மூன்று மாதங்களுக்கு மேல் அடைத்து வைத்தது. அன்று தோழி எனக்கு அனுப்பிய குரல் செய்தியில், "என் மகளின் பயம் உண்மை. அந்தப் பயத்தை எடுத்து இன்னொருவர் வீட்டுப் பிள்ளையை அடைக்கப் பயன்படுத்தும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது?" என்று கேட்டிருந்தார். ஒருவருடைய காயத்தை அரசு ஆயுதமாக்குகிறது என்பதால், அந்தக் காயமே பொய் என்று ஆகிவிடாது. ஏப்ரல் 18 இரவில் நான் செய்த பிழை அதுதான்.

இப்போது அவள் இரண்டாம் ஆண்டு. எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். முதல் பருவத்தில் ஒரு தோழியை இழந்தாள், இரண்டாவது பருவத்தில் வேறு இருவரைப் பெற்றாள். வெள்ளிக்கிழமை விருந்தில் இன்னும் சண்டை நடக்கிறது. சங்கிலியைச் சட்டைக்கு வெளியே போட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறாள். ஒருமுறை அந்த அலுவலரைத் தேடிப் போக வேண்டி வந்தது. அவர் கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், எழுதிக்கொண்டார். ஆதாரம் கேட்பதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டார்.

அடுத்த சேர்க்கைக் காலத்தில் "அக்கா, அந்த கேம்பஸ் எப்படி?" என்று நீங்கள் கேட்டால், இந்த நான்கு கேள்விகளைத்தான் அனுப்பப் போகிறேன். உங்கள் வகுப்பில், உங்கள் அமைப்பில், உங்களிடமே யாராவது வந்து பயமாக இருக்கிறது என்று சொன்னால், அந்த அலுவலர் செய்ததைச் செய்யுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

ஜெய்பீம்.